இரண்டு பக்கத்திலும் இல்லாத பவானி

கணேசமூர்த்தி அண்ணனோடு சண்டை போடாமல் ஒரு வேலையை முடித்தேன் என்று சொன்னால் எங்கள் ஊர் ஜாசினில் யாரும் நம்பமாட்டார்கள். அவர் மணவறை வாடகைக்கு விடுகிறவர். நான் வலைத்தளம் செய்து கொடுக்கிறவள். பேருந்து நிலையத்துக்கு எதிரே மாடியில் ஒரு மேசை, ஒரு மின்விசிறி, அதுதான் என் அலுவலகம். அண்ணன் வந்து உட்கார்ந்தால் மின்விசிறிக் காற்று முழுக்க அவருக்குத்தான். நான் வேர்த்து வழிந்துகொண்டு அவர் சொல்வதைக் கேட்க வேண்டும்.

அவருடைய வலைத்தளத்தைப் போன வருடமே செய்து கொடுத்துவிட்டேன். மணவறைப் படங்கள் அதில் இருக்கும். கல்யாண வீட்டார் பெயர், ஊர், தேதி போட்டுப் பதிந்தால் அண்ணனுக்கு மின்னஞ்சல் போகும். அவர் அதைப் பார்த்து, ஸ்டோரில் மாட்டியிருக்கும் வெள்ளைப் பலகையில் எழுதிவைப்பார். அந்தப் பலகையில் யாராவது முதுகைச் சாய்த்துவிட்டுப் போனால் ஒரு கல்யாணமே அழிந்துவிடும். அப்படியும் இத்தனை வருடம் ஓட்டிவிட்டார் என்பதுதான் அதிசயம்.

"தங்கச்சி, எல்லாம் ஒரே எடத்துல தெரியணும். தேதிய அமுக்குனா தேதி வரிசையில வரணும். பேர அமுக்குனா பேரு வரிசையில. ஒன்னால முடியுமா, போலேயா?"

"போலே லா அண்ணே. பலகைய எப்பத் தூக்கிப் போடுவீங்க, அதச் சொல்லுங்க."

"பலகை ஒங்கிட்ட சோறா கேக்குது? அது பாட்டுக்கு ஒரு மூலையில இருக்கட்டுமே."

"அப்ப எனக்கு இங்க வேல இல்ல. பலகையவே கட்டிக்கிட்டு அழுங்க."

கடைசியில் அவர்தான் இறங்கி வந்தார். வலைத்தளத்தோடு சேர்த்து மாட்டிவிடுகிற பிளகின் ஒன்றை எழுதினேன். வெளியாட்கள் பார்க்கிற பக்கம் இல்லை அது. அண்ணன் மட்டும் கடவுச்சொல் போட்டு உள்ளே போய்ப் பார்க்கிற அட்டவணை. பெயர், ஊர், மணவறை வகை, தேதி என்று நான்கு தலைப்புகள். எந்தத் தலைப்பைத் தொட்டாலும் பக்கத்தில் ஒரு சின்ன அம்புக்குறி வரும், வரிசை மாறும். மறுபடியும் தொட்டால் தலைகீழாக மாறும். பக்கத்துக்குப் பத்துப் பதிவு. அதற்கு மேல் போனால் அண்ணனின் பழைய ஹேண்ட்போன் மூச்சு வாங்கும். கீழே மொத்தம் எத்தனை பதிவு என்ற எண்ணும், அடுத்த பக்கத்துக்குப் போகிற பொத்தானும் இருக்கும்.

வாய்க்கு வந்த பெயர்களைப் போட்டுச் சோதித்துப் பார்த்தேன். ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு தேதி கொடுத்தேன். அம்புக்குறி சொன்னபடி கேட்டது. பக்கங்கள் சொன்னபடி புரண்டன. எனக்கே என் மேல் ஆசை வந்துவிட்டது. நேராக ஸ்டோருக்குப் போய், அண்ணன் கையாலேயே பலகையைத் துடைக்க வைத்தேன். அவர் ஏதோ சொந்தக்காரரை வழியனுப்புகிற முகத்தோடு துடைத்தார்.

அதற்குப் பிறகு அவர் மின்னஞ்சலைப் பார்ப்பதையே விட்டுவிட்டார். வேலை செய்த விதம் இதுதான். அவரிடம் இரண்டு லோரி. தேதி வரிசையில் வைத்து, முதல் பக்கத்தைப் படம் பிடித்துக் காளிதாஸுக்கு அனுப்புவார். இரண்டாம் பக்கத்தைப் படம் பிடித்து மாயாண்டிக்கு அனுப்புவார். ஆளுக்கொரு பக்கம், ஆளுக்கொரு லோரி. இரண்டு பக்கத்தையும் சேர்த்து வைத்து ஒருவரும் பார்ப்பதில்லை.

பவானேஸ்வரி என் தோழி. முன்பு சுங்கை ஊடாங்கில் ஒரே வீட்டில் ஆளுக்கொரு அறை எடுத்துத் தங்கியிருந்தோம். அவள் இன்னமும் அங்கே ஒரு தொழிற்சாலை கேண்டீனில்தான் வேலை செய்கிறாள். கல்யாணமாகி மூன்றாம் வருடம் அவள் புருஷன் சாலை விபத்தில் போய்விட்டார். இப்போது அங்கே வெல்டராக இருக்கும் வசந்தன் அவளைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டுக் கேட்டான். அவளுக்கும் பிடித்திருந்தது. சட்டுபுட்டென்று முடிந்திருக்க வேண்டிய விஷயம். ஆனால் அவளுக்கு ஒரு பெரியம்மா இருக்கிறார்.

அம்மா இல்லாத பவானியை வளர்த்தவர் மீனம்மா பெரியம்மாதான். வீடு கோலா சுங்கை பாருவில். அவரும் சின்ன வயதிலேயே புருஷனைப் பறிகொடுத்தவர். கல்யாணம் கூடாது என்று அவர் சொல்லவில்லை. மணவறை கூடாது என்றார்.

"ரெண்டாங் கல்யாணத்துக்கு மணவறை எதுக்குடி? கோயில்ல மால மாத்திக்கிட்டு வந்தா ஆகாதா? பாக்கறவங்க என்ன பேசுவாங்க?"

"பேசட்டும் பெரியம்மா. நான் ஒண்ணும் ஒளிஞ்சிக்கிட்டுக் கட்டிக்கல. எல்லாரும் பாக்க மணவறையில உக்காந்துதான் கட்டிக்குவேன்."

அங்கே அப்படி வீராப்பாகப் பேசியவள், அன்று மாலையே என்னிடம் போனில் அழுதாள்.

"தேவி, ஒருவேள பெரியம்மா சொல்றதுதான் சரியோ? சாமிக்கே பிடிக்கலன்னா என்ன செய்யறது?"

"சாமிக்கு வேற வேல இல்ல பாரு. மூக்கச் சிந்திட்டுப் போயிப் படு."

அவளைத் திட்டிவிட்டுப் போனை வைத்தேன். பவானி பயந்தவள் இல்லை. அவளே பயப்படுகிறாள் என்றால் அந்தப் பேச்சு உள்ளே எவ்வளவு தூரம் போயிருக்க வேண்டும்! உடனே நானே அண்ணனின் வலைத்தளத்தைத் திறந்து, அவள் பெயரில் மணவறை பதிந்தேன். ஊர் கோலா சுங்கை பாரு. தேதி ஆவணி மாத முகூர்த்த ஞாயிறு. பதிந்துவிட்டேன், இனி ஒன்றும் செய்ய முடியாது என்று அவளுக்குச் செய்தி அனுப்பினேன். சிரிக்கிற முகம் ஒன்றைப் பதிலாக அனுப்பினாள்.

சனிக்கிழமை மத்தியானமே நான் கோலா சுங்கை பாருவுக்குப் போய்விட்டேன். கல்யாணம் நடக்கிற டேவான் மண்டபத்துக்குள் கடற்காற்று நேராக அடித்தது. வசந்தனின் தம்பிமார்கள் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். பவானி இரண்டு கையிலும் மருதாணி போட்டுக்கொண்டு, விரலை விரித்தபடி நடமாடினாள். மேடை மட்டும் காலியாகக் கிடந்தது. சாப்பாடு முடிந்ததும் வந்துவிடும் என்று நாங்கள் நினைத்திருந்த மணவறையைத் தேநீர் நேரம் தாண்டியும் காணோம்.

பெரியம்மா வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வராதுடி. எனக்கு அப்பவே மனசுல பட்டுச்சு. மேல இருக்கறவளுக்கு இஷ்டமில்ல" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

பவானி என்னைப் பார்த்தாள். நான் அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, பவானி மணவறை எங்க?"

"எந்தப் பவானி?"

"கோலா சுங்கை பாரு பவானேஸ்வரி! நாளைக்கு முகூர்த்தம்!"

"கோலா சுங்கை பாருவுக்கு நாளைக்கு ஒண்ணும் இல்லியே தங்கச்சி. ரெண்டு பக்கமும் கையிலதான் வச்சிருக்கேன்."

"நான்தான் பதிஞ்சேன். என் கையாலயே பதிஞ்சேன். கண்ணத் தொடச்சிக்கிட்டு நல்லாப் பாருங்க!"

"என் கண்ணுக்கு ஒண்ணுமில்ல. நீ செஞ்ச லிஸ்ட்டுதானே? பலகையில எழுதியிருந்தேன்னா இந்நேரம் லோரி அங்க நின்னிருக்கும்."

சுருக்கென்றது. இருங்கள், இதோ காட்டுகிறேன் என்று கறுவிக்கொண்டே டேவான் மேடை ஓரத்தில் மடிக்கணினியைத் திறந்தேன். பெயர் வரிசையில் வைத்தேன். பவானேஸ்வரி, கோலா சுங்கை பாரு, ஞாயிறு. அப்பட்டமாக இருந்தது. "இருக்குல்ல!" என்று நான் போட்ட சத்தத்தில் தோரணம் கட்டுகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு அண்ணன் செய்கிற மாதிரியே தேதி வரிசையில் வைத்தேன். முதல் பக்கத்தில் அவள் இல்லை. இரண்டாம் பக்கத்துக்குப் போனேன். அங்கேயும் இல்லை. கீழே மொத்த எண்ணிக்கை மட்டும் சரியாக இருந்தது.

மறுபடியும் முதல் பக்கம், மறுபடியும் இரண்டாம் பக்கம். அப்போதுதான் கவனித்தேன். ஜாசின் முனியம்மா என்ற பெயர் முதல் பக்கத்தின் அடியிலும் இருந்தது, இரண்டாம் பக்கத்தின் தலையிலும் இருந்தது.

விஷயம் இவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் படம் எடுக்கப் பிள்ளைகளை உயர வரிசையில் நிற்கச் சொல்வார்கள். ஒரே உயரத்தில் ஏழெட்டுப் பிள்ளைகள் இருந்தால், ஒவ்வொரு முறை கூப்பிடும்போதும் அவர்கள் இடம் மாறி மாறித்தான் நிற்பார்கள். அது தப்பில்லை, உயரம் ஒன்றுதானே. என் அட்டவணை ஒவ்வொரு பக்கத்துக்கும் எல்லாப் பதிவையும் புதிதாக வரிசையில் நிறுத்தி, முதல் பத்தையோ அடுத்த பத்தையோ எடுத்துக் காட்டும். ஒரே தேதிக்காரர்களுக்குள் யார் முன்னால், யார் பின்னால் என்று நான் சொல்லவே இல்லை. முதல் பக்கம் கேட்டபோது முனியம்மா பத்துக்குள் வந்து, பவானி வெளியே நின்றிருக்கிறாள். இரண்டாம் பக்கம் கேட்டபோது பவானி முன்னால் போய்விட்டாள், முனியம்மா பின்னால் வந்துவிட்டாள். ஒருத்தி இரண்டு பக்கத்திலும் இருக்கிறாள், ஒருத்தி ஒன்றிலும் இல்லை.

ஆளுக்கொரு தேதி கொடுத்துச் சோதித்தேனே, என்னை எதால் அடிப்பது! நம்மாட்கள் ஆளுக்கொரு தேதியிலா கல்யாணம் வைக்கிறார்கள்? நல்ல நாள் ஒன்று கிடைத்தால் மாநிலமே அன்றைக்குத்தான் தாலி கட்டும். வெள்ளைக்காரனுக்குத் தெரியாமல் போகலாம். எனக்குமா தெரியாது?

அண்ணனுக்குப் போன் போட்டு, "தப்பு என்னோடதுதான். ஒங்க கண்ணு நல்லாருக்கு" என்றேன். அவர் அதைக் கேட்டுச் சந்தோஷப்படுகிற நிலையில் இல்லை.

"தங்கச்சி, மாயாண்டி இப்பத்தான் பேசுனான். முனியம்மா வீட்டுல பெரிய ரகள. காலையிலயே காளிதாஸ் ஒரு மணவறைய அங்க நிறுத்திட்டு வந்துட்டான். இவனுக்கு அது தெரியாது. இன்னொன்ன கொண்டுபோயி வாசல்ல தூணையெல்லாம் எறக்கியிருக்கான். அந்தம்மா வந்து பாத்துட்டு, 'எம்பொண்ணுக்கு ஒரு கல்யாணந்தாண்டா! ரெண்டாவது மணவறைய எவன்டா அனுப்புனது, நாசமாப் போறவனே'ன்னு மாரடிச்சிக்கிட்டு அழுதிருக்கு. சூடம் கொளுத்திப் பூசணிக்கா ஒடைச்சி, லோரிய வெரட்டாத கொறையா அனுப்பியிருக்காங்க."

"மணவறை இப்ப லோரியில சும்மாதானே இருக்கு? அத நேரா இங்க அனுப்புங்க!"

"என்னா பேசற நீ? ஒரு கல்யாண வீட்டுல ஆகாதுன்னு வெரட்டுன மணவறைய இன்னொரு கல்யாண வீட்டுல எப்படிம்மா நிறுத்துறது? மஞ்சத் தண்ணி தெளிச்சி அடுத்த முகூர்த்தம் வரைக்கும் ஸ்டோர்லதான் கெடக்கணும்."

"வேற ஒண்ணு இருக்கா?"

"எல்லாம் வெளிய போயிருச்சி."

"அப்ப சொல்லாம அனுப்புங்க. யாருக்குத் தெரியப் போவுது?"

"நாளைக்குத் தெரிஞ்சிச்சின்னா? நானும் பொண்ணு பெத்தவன். அந்தப் புள்ளகிட்டக் கேளு. அது சரின்னு சொன்னா நானே லோரியில ஏறி வரேன்."

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் பவானி நின்றுகொண்டிருந்தாள். ஒரு நொடி எனக்குப் பொய் சொல்லத்தான் தோன்றியது. லோரி வழியில் பழுதாகிவிட்டது, இதோ வருகிறது என்று சொன்னால் முடிந்தது. ஆனால் அவள் அந்தக் கைகளை அப்படியே விரித்து வைத்துக்கொண்டு, அடி விழப்போகிற பிள்ளை மாதிரி என் வாயைப் பார்த்தாள். என்னால் முடியவில்லை. என் அட்டவணை செய்த கோளாறிலிருந்து பூசணிக்காய் உடைத்ததுவரை எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

நான் முடிப்பதற்குள் பெரியம்மா எழுந்து வந்துவிட்டார்.

"பாத்தியா? ரெண்டாவது மணவறைன்னு ஒருத்தி வாசல்ல வெரட்டியிருக்கா. அதுவாடி ஒனக்கு? வேணாம் கண்ணு. நாலு நாக்காலி போட்டுக் கட்டிக்கிட்டுப் போங்க. நான் சொல்றதக் கேளு."

பவானி காலி மேடையைப் பார்த்தாள். உதடு நடுங்கியது. அழப்போகிறாள் என்று நினைத்து நான் கிட்டே போனேன். அவள் சிரித்தாள். முதலில் மெதுவாகத்தான் சிரித்தாள், பிறகு அடக்க முடியாமல், மருதாணி மேலே பட்டுவிடாமல் முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"பெரியம்மா, அவங்க எதுக்கு வெரட்டுனாங்க? பொண்ணுக்கு ரெண்டாவது கல்யாணம் வந்துடும்னு பயந்துதானே? எனக்குத்தான் வந்துடுச்சே! இதுல இனி பயப்பட என்னா இருக்கு? தேவி, வரச் சொல்லு."

பெரியம்மா குறுக்கே ஏதோ சொல்ல வந்தார். நான் அவருக்கு நேரம் கொடுக்காமல் போனை எடுத்துவிட்டேன்.

லோரி வருகிறவரை சும்மா இருக்க முடியாமல் பிளகினைத் திருத்தினேன். தேதி ஒன்றாக இருந்தால் பதிவு எண்ணைப் பார்த்து வரிசைப்படுத்து என்று ஒரே ஒரு வரிதான் சேர்க்க வேண்டியிருந்தது. அவ்வளவு சின்ன வரி. பவானி முதல் பக்கத்தின் அடியில் வந்து அசையாமல் உட்கார்ந்தாள். எத்தனை முறை பக்கம் மாற்றினாலும் அங்கேயே இருந்தாள்.

வெயில் தாழ்வதற்குள் லோரி வந்துவிட்டது. சொன்னபடியே அண்ணன் முன் இருக்கையில் இருந்து இறங்கினார். என்னை ஒரு முறை முறைத்துவிட்டு நேராகப் பவானியிடம் போனார்.

"மனசுல ஒண்ணும் இல்லியேம்மா?"

"இல்லண்ணே. பூ மட்டும் நெறையாக் கட்டுங்க."

அண்ணன் கட்டினார். முனியம்மா வீட்டுக்கென்று வந்த பூ, அவருடைய ஸ்டோரில் மிச்சமிருந்த பூ எல்லாம் சேர்த்து, தூண் தெரியாத அளவுக்குக் கட்டினார். மாயாண்டி மட்டும் மேடைப் பக்கம் பார்க்கவே பயந்து, லோரிக்குள்ளேயே தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். பிறகு அண்ணன் எனக்குத் தனியாகக் கொடுத்த அர்ச்சனையை இங்கே எழுதப்போவதில்லை. வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் காலை டேவான் நிறைந்துவிட்டது. கேண்டீனில் சாப்பிடுகிறவர்கள் எல்லாரும் வந்துவிட்டார்கள் போலிருந்தது. பவானி அரக்குப் பட்டுச் சேலையில் வந்து உட்கார்ந்தாள். மேளம் உச்சிக்குப் போனது, வசந்தன் தாலி கட்டினான், நான் வெட்கமில்லாமல் அழுதேன். சபையிலிருந்து ஒருவரும் எதுவும் பேசவில்லை. பேசியிருந்தால் நான் இருந்தேன்.

பிறகு பெரியவர்கள் ஒவ்வொருவராக மணவறையில் ஏறி அட்சதை போட்டு ஆசீர்வாதம் செய்தார்கள். மீனம்மா பெரியம்மாவைக் காணோம். தேடிப் பார்த்தால், பின்னால் சமையல்கட்டுக் கதவருகே, சாம்பார் வாளிகளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். தாலி கட்டும்போதும் அங்கேதான் நின்றிருக்கிறார்.

பவானியும் அவரைத்தான் தேடியிருக்கிறாள். மணவறையில் உட்கார்ந்தபடியே, தான் மணப்பெண் என்றும் பார்க்காமல் சத்தம் போட்டுக் கூப்பிட்டாள்.

"பெரியம்மா! வாங்க, ஏறி வந்து ஆசீர்வாதம் பண்ணுங்க."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பெரியம்மா தலையை ஆட்டினார்.

"நான் இங்கேருந்தே பண்ணிட்டேன் கண்ணு. தாலி அறுத்தவ மணவறையில ஏறக் கூடாது."

மேளக்காரர் கைகூட நின்றுவிட்டது. இத்தனை நாளும் மணவறை வேண்டாம், வேண்டாம் என்று அவர் சொன்னதெல்லாம் இதற்குத்தானா? வளர்த்த பெண்ணின் கல்யாணத்தை வாளிகளுக்குப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டியிருக்கும் என்பது அவருக்கு முதல் நாளே தெரிந்திருக்கிறது. எங்களுக்கு யாருக்கும் தோன்றவில்லை.

"நானும் அறுத்தவதான் பெரியம்மா" என்றாள் பவானி. "நான் உக்காந்திருக்கேன்ல? வாங்க."

பெரியம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நாற்காலிகளுக்கு நடுவே நடந்து வந்தார். மணவறையின் படி கொஞ்சம் உயரம். பிடித்து ஏற்றிவிடலாம் என்று நான் ஓடிப்போய்க் கையை நீட்டினேன். அவர் என் கையைத் தள்ளிவிட்டு, தானே ஏறினார்.